கரை வரும் பக்கம்

அவர் அறைச்சாவி அட்டையை மறுபடியும் கதவில் வைத்து அழுத்தினார். மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. இடக்கையில் இருந்த பழத்தட்டு சரிந்து, தர்பூசணிச் சாறு மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. இன்னொரு தடவை அழுத்துவதற்குள் கதவு உள்ளிருந்தே திறந்தது. தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண் நின்றாள்.

"இது எங்க ரூமுங்க."

"மன்னிச்சிருங்கம்மா. எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கா..."

"உங்களுது எதிர்ப் பக்கம். நேத்தும் நீங்கதானே வந்தீங்க?"

அவள் தோளுக்குப் பின்னால் பால்கனிக் கதவு திறந்திருந்தது. அதில் பச்சையாக மலைச்சரிவு ஒன்று மெல்ல நகர்ந்து போனது. அவர் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, கப்பலின் குறுக்கே போகும் நடைவழியில் நுழைந்து, தன் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

மனைவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில் பால்கனிக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு அறைக்குள் பாதிவரை வந்திருந்தது. கண் கூசாமலிருக்க ஒரு கையை நெற்றியில் வைத்திருந்தாள்.

"மறுபடியும் அந்தம்மா ரூமுக்குத்தானே போனீங்க?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பழம் எடுக்கப் போனவரு வேற எங்க போவீங்க. நாளைக்கும் போனா அவங்க வீட்டுக்காரரு உங்களுக்கு ஒரு காபி போட்டு வெச்சிருப்பாரு."

அவர் சிரித்துக்கொண்டே தட்டை அவள் மடியில் வைத்தார். அவள் முதலில் வெளிறிய துண்டுகளைப் பொறுக்கித் தின்றாள். நல்ல சிவப்புத் துண்டுகளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். சிவந்ததைக் கடைசிக்கு வைத்திருந்து தின்பாள்.

"அந்த ரூம்ல இருந்து பாத்தா மலையே தெரியுது" என்றார். "நமக்குத் தண்ணியும் வெயிலும்."

"ரெண்டு நாள் பொறுங்க."

"நீயும் கப்பல் ஏறின நாள்ல இருந்து இதையேதான் சொல்ற."

அவள் வேலை பார்த்தது ஒரு தனியார் பஸ் கம்பெனியின் முன்பதிவு கவுன்டரில். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை அதே நாற்காலிதான். டிரைவர்கள் அவளை ஜன்னலக்கா என்பார்கள். யார் டிக்கெட் கேட்டு வந்தாலும், போகிற நேரத்தையும் திசையையும் யோசித்து, வெயில் விழாத பக்கத்தில்தான் இடம் கொடுப்பாள். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு நிழலும் ஜன்னலும் சேர்ந்து கிடைக்கப் பார்ப்பாள். அப்படி எத்தனையோ பேரை எங்கெங்கோ அனுப்பியவள், அவளாகப் பஸ் ஏறிப் போனது விரல்விட்டு எண்ணுகிற தடவைதான். அவருக்கோ பல்செட் செய்யும் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. பல் இல்லாமல் யாரும் திங்கட்கிழமைவரை காத்திருப்பதில்லை.

கப்பல் பயணம் என்று முடிவானதும் அவள் முதலில் கேட்டது எந்தப் பக்கம் என்றுதான். டிக்கெட் போட்டுத் தந்த ஏஜென்ட் மேஜைமேல் படத்தை விரித்துவிட்டுச் சிரித்தான்.

"கப்பலுக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதாம்மா. சுத்தி கடல்தானே."

"பஸ்ஸுக்கும் அப்படித்தான் சொல்வாங்க தம்பி. இது தெற்கே போகுது. கரை இடது பக்கம் வரும். திரும்பி வடக்கே வரும்போது வலது பக்கம் வரும். சரியா?"

"சரிதான்."

"அப்ப வலது பக்கமே போட்டுருங்க."

"போகும்போது உங்களுக்கு ஒண்ணும் தெரியாதேம்மா. முக்கால்வாசிப் பேர் இடதுதான் கேப்பாங்க."

"கேக்கட்டும். வரும்போது தெரியும்ல. அதுவும் சாயங்காலத்துல வெயில் கரை மேல விழும், நம்ம மேல விழாது. நிழல்ல உக்காந்து எல்லாத்தையும் வெளிச்சத்துல பாக்கலாம்."

ஏஜென்ட் அவரைப் பார்த்தான். அவர் தோளைக் குலுக்கினார். வீட்டுக்கு வரும் வழியில், ரெண்டு பக்கமும் தண்ணிதானே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பல்லப் பத்தி நான் உங்ககிட்ட பேசுறேனா?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. வீட்டின் வண்ணம், மகளின் பள்ளிக்கூடம், எந்த டாக்டர் என்று எல்லாமே அவள் முடிவுதான். அவருக்கு அதில் குறை இருந்ததில்லை.

அறையின் ஒலிபெருக்கி கரகரத்தது. கப்பல் ஒரு சின்னத் தீவை ஒட்டிப் போவதாகவும், இடது பக்கம் வந்தால் நன்றாகப் பார்க்கலாம் என்றும் ஒரு பெண் குரல் உற்சாகமாகச் சொன்னது. நடைவழியில் காலடிச் சத்தங்கள் கேட்டன.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

"நீ?"

"அந்தப் படியேறினா மூச்சு வாங்குது. கண்ணு வேற சொக்குது. பாத்துட்டு வந்து சொல்லுங்க. சும்மா தீவு இருந்துச்சுன்னு சொல்லாம, என்னென்ன இருந்துச்சுன்னு சொல்லணும்."

அவர் திரைச்சீலையை இழுத்து வெயிலை மறைத்துவிட்டுக் கிளம்பினார்.

மேல்தளத்தின் இடது பக்கம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. ஆட்களின் தோள்களுக்கு நடுவே அவருக்கு ஒரு சந்து கிடைத்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பாறை, கொஞ்சம் புல், புல்லுக்கு நடுவே தகரக்கூரை போட்ட ஒரே ஒரு வீடு. சுற்றிலும் இருந்தவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவர் போகவில்லை. என்னென்ன இருந்தது என்று கேட்பாளே. அப்போதுதான் அந்த நாய் வந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து, பாறை விளிம்பில் நின்று, இவ்வளவு பெரிய கப்பலைப் பார்த்துக் குரைத்தது. சத்தம் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. கப்பல் நகர நகர அதுவும் விளிம்போடு ஓடியது. தீவு முடிகிற இடத்தில் நின்று, கப்பலைத் துரத்திவிட்ட திருப்தியில் ஒருமுறை தும்மிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியது.

அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. பக்கத்தில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இதைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தபடியே கீழே இறங்கினார். இந்த முறை கதவு தவறவில்லை.

"வீடு ஒண்ணுதான் இருக்கு அந்தத் தீவுல" என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "ஆளுங்க யாரும் வெளிய காணோம். ஆனா ஒரு நாய். பழுப்பு நாய். நம்ம கப்பலப் பாத்து அது குரைக்குது பாரு, என்னமோ அதோட தெருவுல நாம அனுமதியில்லாம நுழைஞ்ச மாதிரி. கடைசி வரைக்கும் கூடவே ஓடி வருது. நாம அதுக்குப் பயந்துதான் போறோம்னு நெனச்சுக்கிச்சு போல. போயிட்டாங்கடான்னு ஒரு தும்மல் போட்டுச்சு, அப்புறம் வாலை ஆட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருச்சு."

முகம் கழுவிக்கொண்டு துண்டோடு வந்தார். அவள் அதே இடத்தில் சாய்ந்திருந்தாள். தலை மட்டும் சுவர்ப்பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. மடியில் தட்டு. அதில் சிவப்புத் துண்டுகள் அப்படியே இருந்தன.

"தூங்கிட்டியா?" என்றார்.

பிறகு அவள் கையைத் தொட்டார்.

*

கப்பலின் மருத்துவர் இளைஞர். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் கொஞ்சம் ஏறியிருந்தது. மருத்துவர் பேசும்போது இவர் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது, பக்கத்தில் இருந்திருந்தாலும் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றெல்லாம் மருத்துவர் சொன்னார். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவளைத் தூக்குப்படுக்கையில் வைத்து, பயணிகள் நடமாடாத வழியாகக் கொண்டு போனார்கள். நடைவழியில் ஏதோ ஒரு கதவுக்குள்ளிருந்து தொலைக்காட்சிச் சிரிப்பு கேட்டது.

விருந்தினர் அதிகாரி என்று சட்டையில் பட்டை குத்தியிருந்த ஒரு பெண், தன் சிறிய அலுவலக அறையில் அவரை உட்காரவைத்து மகளுக்குத் தொலைபேசி போட்டுக் கொடுத்தாள். மகள் முதலில் அழுதாள். அவர் ரிசீவரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை நின்று மூக்கை உறிஞ்சியபிறகு அவளுடைய குரல் அம்மாவின் குரலாக மாறியது. ஏற்பாடு செய்கிற குரல்.

"அப்பா, நாளைக்கு ஒரு துறைமுகத்துல நிக்கும்ல. அங்கயே இறங்கிருங்க. நான் பேசுறேன், அம்மாவ ப்ளேன்ல கொண்டு வந்துரலாம்."

அதிகாரிப் பெண் முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருந்தாள். அந்த ஊரில் இறக்கினால் அரசாங்க அனுமதிகள் வாங்க வேண்டும், சீக்கிரமும் முடியலாம், இழுத்துக்கொண்டும் போகலாம். கப்பலிலேயே வருவதானால் கீழே குளிரறை இருக்கிறது, புறப்பட்ட துறைமுகத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எதுவானாலும் அவர்தான் சொல்ல வேண்டும்.

"கப்பல்லயே கூட்டிட்டு வரேம்மா" என்றார்.

"கூட்டிட்டு வர்றதா? அப்பா, என்ன பேசுறீங்க?"

"அவ திரும்பி வர்ற வழியப் பாக்கணும்னுதான் அந்தப் பக்கம் ரூம் கேட்டா."

"அம்மாவால பாக்க முடியாதுப்பா."

"தெரியும்."

"சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது? பொண்டாட்டி செத்தும் டூர முடிச்சிட்டுதான் வர்றாருன்னு சொல்லவா?" குரல் உடைந்தது. "எனக்கு அம்மாவப் பாக்கணும்ப்பா."

அவர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். எதிரில் அதிகாரிப் பெண் மேஜைமேல் இருந்த எதையோ நேராக அடுக்கினாள்.

"நீங்களா எதையும் முடிவு பண்ண மாட்டீங்களே" என்றாள் மகள். கோபமாக இல்லை, களைப்பாக. "யாராச்சும் அங்க ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"தனியா அந்த ரூம்ல எப்படி இருப்பீங்க?"

"இருந்துக்குவேன்."

மகள் கடைசியில், "சாப்பிடுங்க. மாத்திரை எங்க இருக்குன்னு தெரியும்ல?" என்று கேட்டாள். தெரியும் என்றார். தெரியாது. மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பவள் மனைவிதான்.

தொலைபேசியை வைத்ததும் அதிகாரிப் பெண் குரலைத் தணித்துப் பேசினாள்.

"சார், உங்களுக்கு வேற ரூம் ரெடி பண்ணியிருக்கோம். மேல் தளம், இடது பக்கம். இதைவிடப் பெரிசு. அங்க இருந்தா கொஞ்சம் மனசுக்கு..."

"வேணாம்மா. இதே பக்கம் இருக்கட்டும்."

"அந்த ரூம்ல இருக்கிறது கஷ்டமா இருக்கும் சார்."

"ஆமா" என்றார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "கீழ அவ எந்தப் பக்கம் இருக்கா?"

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் சிவந்தது.

"நடுவுல சார். அங்க பக்கம்னு எதுவும் இல்ல."

*

மறுநாள் கப்பல் அந்தத் துறைமுகத்தில் நின்றது. எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு ஊர் பார்க்க இறங்கிப் போனார்கள். அவர் காலையுணவு மண்டபத்துக்குப் போனார். பரிமாறுபவன் பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்தான். பிறகு நினைவு வந்து ஒன்றை எடுக்கக் கை நீட்டினான். எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவரைப் பார்த்தான். "எடுத்துருப்பா" என்றார். தட்டு போன இடத்தில் மேஜைத்துணியில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. அவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர வாயில் போடவில்லை.

அறைக்குத் திரும்பிப் பால்கனியில் உட்கார்ந்தார். அடுத்த பால்கனிக்கும் இதற்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகை. அந்தப் பக்கம் இருந்தவர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். முதல் நாளிலிருந்தே தடுப்புக்கு வெளியே தலையை நீட்டிப் பேசுவார். அவர் கட்டியிருந்த மேல்வரிசைப் பல்செட் அளவு சரியில்லாமல் பேசும்போது லேசாகத் தட்டும். சரிசெய்து தரலாம் என்று இவர் தன் மனைவியிடம் சொல்லி, "கப்பல்லயும் கடை விரிக்காதீங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

கோழிப்பண்ணைக்காரருக்குப் பயணம் முழுக்க ஒரே குறைதான். கொடுத்த பணத்துக்குத் தண்ணீரைத் தவிர எதையும் காட்டவில்லை. "எங்க பண்ணையில தொட்டி இருக்கு சார், அதையே பாத்துட்டு உக்காந்திருக்கலாம்" என்பார். அப்போதெல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். திரும்பும்போது கரை இந்தப் பக்கம் வரும் என்று அவரிடம் சொல்லிவிடலாமா என்று இவர் ஜாடையில் கேட்டதற்கு, வேண்டாம், தானாகவே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று கையைக் காட்டியிருந்தாள்.

இன்று கோழிப்பண்ணைக்காரர் தடுப்புக்கு வெளியே தலையை நீட்டவில்லை. கதவைத் தட்டி, முறைப்படி வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"விஷயம் கேள்விப்பட்டோம் சார். எப்பேர்ப்பட்ட மனுஷி." கொஞ்சம் இருமினார். "நாங்க... ரூம் மாத்திக்கிறோம். இடது பக்கம் ஒண்ணு காலியாச்சாம்."

"அப்படியா."

"என் வீட்டுக்காரிக்குக் கரை பாக்கணும்னு ஆசை. வந்ததுல இருந்து நச்சரிச்சிக்கிட்டே இருக்கா. திரும்பிப் போறப்பவாச்சும் கரையப் பாத்துக்கிட்டே போவோம்னு."

நடைவழியில் அவருடைய மனைவி பெட்டிகளோடு நின்றிருந்தாள். இந்த அறையின் கதவைப் பார்க்காமல், எதிரே சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் பெட்டியின் பிடியை இறுக்கமாகப் பிடித்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காதவளின் கண்கள்.

திரும்பும்போது அந்தப் பக்கம் வெறும் கடல்தான். சொல்ல வாயெடுத்தவர், அந்தப் பெட்டிப் பிடியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நல்லதுங்க" என்றார். "அந்தப் பக்கம் நல்லா இருக்கும்."

கோழிப்பண்ணைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு பெட்டிச் சக்கரங்கள் நடைவழியில் உருண்டு போன சத்தம் குறைந்துகொண்டே போய் நின்றது.

சாயங்காலம் கப்பல் கிளம்பித் திரும்பியது. பெரிய உடம்பென்பதால் திரும்புவதே தெரியவில்லை. அறைக்குள் விழுந்திருந்த வெயில்தான் தரைவிரிப்பின் மேல் ஊர்ந்து, சுவரில் ஏறி, பிறகு இல்லாமல் போனது. பால்கனி நிழலாகியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆனால் கரை வரவில்லை. புகைபோல ஒரு மூட்டம், அதற்குக் கீழே சாம்பல் நிறத் தண்ணீர். அடுத்த நாளும் அப்படியே. நடைவழியில் யாரோ, வானிலை சரியில்லாததால் கப்பல் கரையைவிட்டுத் தள்ளிப் போகிறது என்று பேசிக்கொண்டு போனார்கள். அவருக்கு முதல்தடவையாக அவள்மேல் கோபம் வந்தது. எதற்காக ரெண்டு நாள் பொறுங்க, ரெண்டு நாள் பொறுங்க என்றாள்? இருப்பதை இருக்கும்போதே பார்த்திருக்கலாமே. எழுந்து உள்ளே போய், அவளுடைய பெட்டியைத் திறந்து, மாத்திரைகளைத் தேடினார். காலுறைகளுக்குள் சுற்றி வைத்திருந்தாள். எது காலைக்கு, எது சாயங்காலத்துக்கு என்று தெரியாமல் ஒன்றை விழுங்கிவிட்டுக் கட்டிலின் தன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். இன்னொரு பக்கத்துத் தலையணையை அறைப் பணியாள் அடித்து உப்பவைத்து, விரிப்பை மடித்துத் தயாராக வைத்திருந்தான்.

அதற்கடுத்த நாள் பிற்பகலில் விழித்தபோது அறையின் கூரையில் ஒரு வெளிச்சம் அசைந்தது. எதிரொளி. எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பால்கனிக்கு வந்தார்.

கரை கிட்டத்தில் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் வரும் என்று அவர் நினைக்கவில்லை. வெயில் முழுக்க அதன்மேல் விழுந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பாறைகள், ஒரு மஞ்சள் சுவர், மரங்களுக்கு நடுவே ஏறிப் போகும் ஒரு பாதை, அதில் நிறுத்தியிருந்த ஒரு சைக்கிள். அவர் உட்கார்ந்த இடம் குளிர்ந்த நிழல். பக்கத்துப் பால்கனிகளில் யாருமில்லை. சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டும்.

மொட்டைமாடி ஒன்றில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பை எடுத்து உதறினாள். காற்று அதைப் பிடுங்கி அவள் முகத்தில் போர்த்தியது. அவள் அதற்குள்ளேயே நின்று, தடவித் தடவி முனைகளைக் கண்டுபிடித்து, கொடியில் போட்டாள். குனிந்து அடுத்ததை எடுத்தாள். கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. மாடி மெல்லப் பின்னுக்குப் போகத் தொடங்கியபோது அவர் எழுந்து நாற்காலியை அதன் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கூடையில் இன்னும் நிறையத் துணி இருந்தது.